சுவரில் மாட்டிய உலகமும் சேர்வராயன் மலையும்

(நம் குடியிருப்போர் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



வங்கியில் வேலை பார்த்தவனைப் பேசக் கூப்பிட்டால் வைப்புநிதி வட்டியைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. நம் வாசிப்பு அறைச் சுவரில் புதிதாக மாட்டியிருக்கிறோமே ஓர் உலகப் படம், அதைப் பற்றிப் பேசப் போகிறேன். நல்ல பெரிய படம், அச்சும் சுத்தம். அன்பளிப்பாகத் தந்தவருக்கு நன்றி. மாலையில் பிள்ளைகள் அதன்முன் நின்று நாடுகளின் பெயரைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு அவர்கள் பேசிக்கொள்வதுதான் என்னை யோசிக்க வைத்தது. "கிரீன்லாந்துதான் பெருசு, ஆப்பிரிக்கா மாதிரியே இருக்கு" என்கிறான் ஒருவன். இன்னொரு பெண், "நம்ம இந்தியா அதுல பாதிகூட இல்ல" என்கிறாள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. பிள்ளைகள் மேல் தப்பில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா 32.9 லட்சம். அதாவது நாம் ஒன்றரை மடங்கு பெரியவர்கள். ஆப்பிரிக்கா 3 கோடியைத் தாண்டும். அதற்குள் 14 கிரீன்லாந்தை வைக்கலாம். சுவரில் இருக்கும் படமோ இரண்டையும் ஏறக்குறைய அண்ணன் தம்பி போலக் காட்டுகிறது.

படம் போட்டவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? இல்லை. உருண்டையான ஒன்றைத் தட்டையாக்கினால் எங்காவது ஓரிடத்தில் நஷ்டம் வந்தே தீரும். ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சு ஒன்றை எடுத்து, தோல் கிழியாமல் உரித்து மேசைமேல் பரப்பிப் பாருங்கள். பரவாது. ஒன்று ஓரம் கிழியும், இல்லாவிட்டால் நடுவில் புடைத்து நிற்கும். அழுத்தினால் இன்னோர் இடம் பிய்ந்துபோகும். அதுவே ரப்பர் தோலாக இருந்தால் கிழியாமல் இழுத்துப் பரப்பிவிடலாம். ஆனால் இழுத்த இடமெல்லாம் பெரிதாகிவிடும். பூமியைப் படமாகப் போடுகிறவர்கள் செய்வது இந்த இழுப்பைத்தான். ஆங்கிலத்தில் இதை புரொஜெக்‌ஷன் என்பார்கள். நான் தட்டையாக்கும் முறை என்றே சொல்லிக்கொள்கிறேன். எங்கே இழுப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் வித்தியாசம். எதையும் விட்டுக்கொடுக்காத முறை இருக்கவே முடியாது என்று ஜெர்மானியக் கணிதமேதை காஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவிவிட்டார். ஆகவே குறையே இல்லாத உலகப் படம் வேண்டும் என்று கடையில் போய்க் கேட்காதீர்கள்.

நம் சுவரில் இருப்பது மெர்கேட்டர் படம். ஜெரார்டஸ் மெர்கேட்டர் என்பவர் 1569இல் வெளியிட்ட முறை. தீர்க்கரேகைகள் உண்மையில் பூமத்திய ரேகையில் விலகி நின்று, துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி, கடைசியில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். பூமத்திய ரேகையில் இரண்டு தீர்க்கரேகைகளுக்கு நடுவே சுமார் 111 கிலோமீட்டர் இருக்கும். நம் சேலத்தில் 109. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் இருக்கும் 60 டிகிரி வாக்கில் வெறும் 56. மெர்கேட்டர் இந்தக் கோடுகளை எல்லாம் ஜன்னல் கம்பி போல நேராக நிறுத்திவிட்டார். அதனால் 56 கிலோமீட்டருக்கும் 111க்கும் படத்தில் ஒரே அகலம். அகலத்தை இரண்டு மடங்காக்கிவிட்டு உயரத்தை அப்படியே விட்டால் உருவம் சப்பையாகிப் போகும் இல்லையா? அதற்காக உயரத்தையும் அதே இரண்டு மடங்கு இழுத்தார். உருவம் பிழைத்தது; பரப்பு நான்கு மடங்காகிவிட்டது. 70 டிகிரியில் எட்டரை மடங்கு. துருவத்தில் முடிவே இல்லை, அதனால்தான் இந்த வகைப் படத்தில் துருவத்தை வரையவே முடியாது. மேலேயும் கீழேயும் வெட்டிவிடுவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்வால்பார்டு. நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் உள்ள தீவுக்கூட்டம். நம் படத்தில் அது இந்தியாவில் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு விரிந்து கிடக்கிறது. உண்மைப் பரப்பு சுமார் 62,000 சதுர கிலோமீட்டர். நம் இலங்கை 65,610. அதாவது இலங்கையைவிடச் சின்னது, தமிழ்நாட்டில் பாதிக்கும் குறைவு! ஆனால் இலங்கை படத்தில் ஒரு கண்ணீர்த்துளி போலத் தொங்குகிறது. அதே போல ஐஸ்லாந்து. படத்தில் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு தெரியும். உண்மையில் தமிழ்நாடு 1,30,000, ஐஸ்லாந்து 1,03,000.

மலைகளும் பாலைவனங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. சஹாரா பாலைவனம் கிரீன்லாந்தைப் போல நான்கு மடங்கு. படத்தில் சஹாராதான் சின்னது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் சுமார் 4,800 கிலோமீட்டர், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் சுமார் 7,000. ராக்கியின் பெரும்பகுதி வடக்கே தள்ளி இருப்பதால் அது நீண்டு, ஆண்டீஸ் பெரும்பாலும் வெப்பமண்டலத்தில் இருப்பதால் அவ்வளவாக நீளாமல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். அண்டார்டிகா படத்தின் அடியில் கரை வைத்த வேட்டி போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகிறது. அது ஆப்பிரிக்காவில் பாதிக்கும் குறைவு என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

நம் நாட்டுக்குள்ளேயே இந்த வேலை நடக்கிறது. கன்னியாகுமரி 8 டிகிரியில் இருக்கிறது, காஷ்மீரின் வடகோடி 37 டிகிரியில். ஒரே மெர்கேட்டர் படத்தில் லடாக்கின் ஒரு சதுர கிலோமீட்டர், குமரியின் ஒரு சதுர கிலோமீட்டரைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். அதனால்தான் இந்தியாவை மட்டும் போடும்போது நல்ல பதிப்பகங்கள் கூம்பு வடிவத்தில் தட்டையாக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. அந்தப் படத்தில் தீர்க்கரேகைகள் விசிறிக் குச்சி போல மேலே குவிந்து வரும். வீட்டில் இருக்கும் அட்லஸில் பாருங்கள்.

ஏற்காடு 11 டிகிரி 47 கலையில் இருக்கிறது. அங்கே மெர்கேட்டரின் இழுப்பு நீளத்தில் நூற்றுக்கு இரண்டு, பரப்பில் நூற்றுக்கு நான்குக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது இதைத்தான். நாம் இருக்கும் இடம் படத்தில் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கிறது. நமக்குத் தெரிந்த சேலம், ஈரோடு, கோவை எல்லாம் சரியாகப் பொருந்துவதால், படம் முழுக்கவே சரி என்று நம்பிவிடுகிறோம். தெரிந்த கிளையில் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காகத் தெரியாத கிளையிலும் ஒத்துப்போகும் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம் அது.

சிலர் மெர்கேட்டரைத் திட்டுவார்கள், ஐரோப்பாவைப் பெரிதாகக் காட்டச் செய்த சதி என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மனிதர் படம் போட்டது மாலுமிகளுக்கு. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஓட்டினால், அந்தப் பாதை அவருடைய படத்தில் நேர்கோடாக விழும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கோணத்தை அளந்து, சுக்கானைத் திருப்பினால் போதும். நடுக்கடலில் இருப்பவனுக்குக் கிரீன்லாந்தின் பரப்பு எதற்கு? கருவி நல்ல கருவி. அதைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். நம் கைப்பேசி வரைபடங்களும் பெரும்பாலும் இதே முறையில், சிறு மாற்றத்தோடுதான் ஓடுகின்றன. தெரு முனை செங்கோணமாக இருந்தால் திரையிலும் செங்கோணமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு வேடிக்கை செய்து பாருங்கள்: படத்தைப் பெரிதாக்காமல் சிறிதாக்காமல், சேலத்திலிருந்து விரலால் அப்படியே வடக்கே ரஷ்யா வரை தள்ளுங்கள். மூலையில் இருக்கும் அளவுகோல் காட்டும் தூரம் தானாகக் குறைந்துகொண்டே போகும்.

பரப்பைக் காப்பாற்றும் முறைகளும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கால் 1855இல் ஒன்றைச் சொன்னார். 1973இல் ஜெர்மனியின் ஆர்னோ பீட்டர்ஸ் அதையே தன்னுடையதாகக் கொண்டுவந்து பெரிய விவாதத்தைக் கிளப்பினார். அதில் பரப்பு சரி. ஆனால் ஆப்பிரிக்கா காயப்போட்ட ஈரத்துணி போல நீண்டு தொங்கும். 2018இல் மூன்று நிபுணர்கள் சேர்ந்து 'ஈக்வல் எர்த்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். பரப்பும் சரியாக இருக்கும், பார்க்கவும் கண்ணை உறுத்தாது. 2025இல் ஆப்பிரிக்க ஒன்றியம், மெர்கேட்டருக்குப் பதிலாக இப்படிப்பட்ட படத்தைப் பயன்படுத்தச் சொல்லும் இயக்கத்துக்கு ஆதரவு தெரிவித்தது. தங்கள் கண்டத்தை மற்றவர்கள் சின்னதாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள் என்ற வருத்தம் அவர்களுக்கு. நியாயமான வருத்தம்தான். நம் பிள்ளைகள் இந்தியாவைப் பற்றிப் பேசிக்கொண்டது நினைவிருக்கட்டும்.

பேரேட்டில் ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று விழும். உருவத்தை வரவு வைத்தால் பரப்பில் பற்று. பரப்பை வரவு வைத்தால் உருவத்தில் பற்று. எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதில் எதைக் காப்பாற்றியிருக்கிறார்கள், எதைப் பற்று எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அங்கே தொடங்கிய அளவைதான் பிறகு 'மகா முக்கோண அளவை' என்று பெயர் பெற்றது. அதன் முதுகெலும்பு குமரியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, சுமார் 2,400 கிலோமீட்டர். குன்றின்மேல் நின்று அடுத்த குன்றைக் கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போனார்கள். குன்று இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் விமானங்களின் மேல் ஏறினார்கள். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி அடிபட்டது. லாம்டன் அதைப் பிரித்துப்போட்டுத் தானே சரிசெய்தார். 1823இல் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், வேலை பாதியில் இருக்கும்போதே இறந்துபோனார். பிறகு எவரெஸ்ட் அதைத் தொடர்ந்தார். மலைக்குப் பெயர் வைத்தார்களே, அதே எவரெஸ்ட்தான்.

லாம்டனின் அக்கறை வெறும் நிலவரி எல்லையில் இல்லை. ஒரு டிகிரி அட்சம் தெற்கே எத்தனை தூரம், வடக்கே எத்தனை தூரம் என்று ஒப்பிட்டு, பூமி எவ்வளவு தூரம் சப்பையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க நினைத்தார். துருவம் வழியாகப் போகும் விட்டத்தைவிடப் பூமத்திய ரேகை வழியாகப் போகும் விட்டம் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம். உருண்டையே சரியான உருண்டை இல்லை, அதைத் தட்டையாக்கி வேறு காட்ட வேண்டும். இந்த அளவையை வைத்து எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஓர் உருவக் கணக்கு கொடுத்தார். நம் நாட்டு வரைபடங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கணக்கின்மேல்தான் நின்றன.

அந்த 78ஆம் ரேகை சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவில் போகிறது. இன்றைய நில அளவையாளர்கள் உலகத்தை 6 டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்துத் தட்டையாக்குகிறார்கள். யு.டி.எம். என்பது அதன் பெயர். 43ஆம் பட்டை முடிந்து 44ஆம் பட்டை தொடங்குவது சரியாக 78இல். ஆக மேட்டூரும் சங்ககிரியும் 43இல்; சேலமும் ஏற்காடும் 44இல். பட்டையின் ஓரத்தில் இருப்பதால், சேலத்தில் தரையில் ஒரு கிலோமீட்டர் அளந்தால் அந்தக் கட்டத்தில் முக்கால் மீட்டருக்குச் சற்று மேலே கூடிவிடும். வீட்டு மனைக்கு இது ஒன்றுமில்லை. பெரிய சாலை போடுகிறவர்களுக்கு உண்டு. அவர்கள் திருத்தம் போட்டுக்கொள்வார்கள்.

சரி, மலைக்கு வருவோம். இதுவரை சொன்னது கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் வரும் நஷ்டம். உயரம் என்ன ஆகிறது?

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. நம் சேலம் சுமார் 280. மாடியிலிருந்து பார்க்கும்போது மலை வானத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டையில் சரியான விகிதத்தில் அந்த மலையைச் செய்தால் என்ன உயரம் வரும்? ஒரு தாளின் கனத்தில் பாதிகூட வராது. எவரெஸ்ட் சிகரமே இரண்டு தாள் கனம்தான். கடைகளில் தடவிப் பார்க்கும்படி மலையைப் புடைப்பாகச் செய்த உருண்டைகள் விற்கிறார்களே, அவற்றில் உயரத்தைப் பல மடங்கு கூட்டித்தான் செய்திருப்பார்கள். இல்லாவிட்டால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது.

தட்டையான படத்தில் உயரம் அடியோடு போய்விடுகிறது. செங்குத்தாக மேலிருந்து பார்த்த நிழல்தான் படத்தில் விழுகிறது. லேடீஸ் சீட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சரிவு ஒரு மெல்லிய பட்டை. எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு ஒடுங்கித் தெரியும். இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் சர்வே ஆஃப் இந்தியா படங்களில் சமஉயரக் கோடுகள் போடுகிறார்கள். ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவுப் படத்தில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே கால் வைக்க யோசியுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் 15 கிலோமீட்டருக்குள். சாலையில் சுமார் 30. மலை ஏறுவதால்தான் தூரம் கூடுகிறது என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டால், ஏறும் உயரத்தால் கூடுவது சில நூறு மீட்டர்கூட வராது. மீதி எல்லாம் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் மற்ற சுற்றல்களும்தான். வண்டி ஏறக்கூடிய சாய்வில் சாலை போட வேண்டுமானால் சுற்றித்தான் போட வேண்டும்.

இப்போது நம் பணத்தைத் தொடும் விஷயம். நம் குடியிருப்பிலேயே நாலைந்து பேர் ஏற்காட்டுப் பக்கம் சின்னதாக ஓர் இடம் வாங்க யோசிப்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பட்டாவில், புலப்படத்தில், கிரயப் பத்திரத்தில் இருக்கும் பரப்பு, சரிவின்மேல் டேப் பிடித்து அளந்த பரப்பு அல்ல. அது கிடைமட்டப் பரப்பு, மேலிருந்து விழும் நிழலின் பரப்பு. அந்தக் காலத்தில் சங்கிலியைப் படிப்படியாக மட்டமாகப் பிடித்து அளந்தார்கள். இன்று டோட்டல் ஸ்டேஷன் கருவி தானே கணக்குப் போட்டுக் கிடைமட்டத் தூரத்தைக் கொடுத்துவிடும்.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? 30 டிகிரி சரிவில் ஓர் இடம். விற்பவர் சரிவு வாக்கில் டேப் போட்டு 100 அடி காட்டுகிறார். அகலம் 43.56 அடி. பெருக்கினால் 4,356 சதுர அடி, அதாவது 10 சென்ட். உங்கள் கண் முன்னால்தான் அளந்தார், டேப்பிலும் கோளாறு இல்லை. ஆனால் அந்த 100 அடியின் கிடைமட்ட நீளம் 86.6 அடிதான். பத்திரக் கணக்குப்படி இடம் 8.66 சென்ட். சென்ட் ஒன்றுக்கு விலை பேசியிருந்தால் ஒன்றேகால் சென்ட்டுக்கு மேல் இல்லாத இடத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள். விற்பவர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது வேறு விஷயம். அடமானக் கடன் பிரிவில் இருந்தபோது, மலைப்பகுதிச் சொத்துகளில் விலை பேசிய அளவும் ஆவணத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகாமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி ஆவணத்தைத்தான் பார்க்கும்.

"நிலம் என் காலடியில் 10 சென்ட் இருக்கிறதே, ஏன் குறைத்து எழுத வேண்டும்?" என்று கேட்கலாம். யோசித்தால் கிடைமட்டக் கணக்குதான் நியாயம். மழை மேலிருந்து விழுகிறது. சரிவாக இருப்பதால் அதிக மழை கிடைக்காது. காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் சரிவுக்குச் செங்குத்தாக வளைந்து வளராமல் வானத்தைப் பார்த்துத்தான் வளர்கின்றன. வீட்டுச் சுவரும் நேராகத்தான் நிற்க வேண்டும், தளமும் மட்டமாகத்தான் இருக்க வேண்டும். பயன்படுவது நிழல் பரப்புதான்.

ஆனால் வேலி போடும்போது கணக்கு தலைகீழாகும். கம்பி சரிவின்மேல் போகும். படத்தில் 100 அடி என்று இருந்தால், அதே 30 டிகிரி சரிவில் 115 அடிக்கு மேல் கம்பி வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து மதிப்பீடு போட்டுவிட்டுக் கம்பி பற்றவில்லை என்று மேஸ்திரியைக் கோபிக்க வேண்டாம். வாங்குவதற்கு முன் உரிமம் பெற்ற சர்வேயரைக் கூட்டிப்போய், கிடைமட்ட அளவை எழுதி வாங்குங்கள். மலைப்பகுதியில் கட்டட அனுமதிக்குத் தனி விதிகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் இருக்கும் படத்தைக் கழற்ற வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு மேசை போட்டு நல்ல பூகோள உருண்டை ஒன்று வாங்கி வையுங்கள். தீபாவளி மலர் விளம்பரத்தில் மிச்சமான தொகையே அதற்குப் போதும். ஒரு நூல்கண்டும் வேண்டும். ஏன் என்றால், கூட்டம் முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "என் மகள் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். நம் மொட்டை மாடியில் நின்றால் அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள்?"

சுவர்ப் படத்தைப் பார்த்தால் மேற்கே, மேட்டூர் பக்கம், அரபிக்கடல் தாண்டி, ஆப்பிரிக்கா தாண்டி, அட்லாண்டிக் தாண்டி என்று சொல்லத் தோன்றும். உருண்டையில் சேலத்தில் நூலின் ஒரு முனையையும் சான்பிரான்சிஸ்கோவில் மறு முனையையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறி, இமயத்தைத் தாண்டி, சைபீரியா வழியாக ஆர்க்டிக் கடலைக் கடந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கும். சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக விமானம் ஓட்டி வந்தது செய்தியில் வந்ததே, அது இந்தக் கணக்கில்தான். டல்லாஸில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அநேகமாக நேர் வடக்கு. நியூயார்க், நியூஜெர்சிக்காரர்களுக்கு வடக்கிலிருந்து சற்று மேற்கே.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கிலிருந்து 20 டிகிரி கிழக்கே திரும்ப வேண்டும். நம் மாடியிலிருந்து ஏற்காடு இருப்பதும் கிட்டத்தட்ட அந்தத் திசைதான். எனவே அந்த நண்பரிடம், சேர்வராயன் மலையைப் பார்த்து நில்லுங்கள், மகள் இருப்பது அந்தப் பக்கம்தான் என்று சொன்னேன்.